கம்ப்யூட்டர் ரூம் சாவி



போன ஞாயிற்றுக்கிழமை என் மேசையிலிருந்த பெரிய மானிட்டரைக் கழற்றி, பழைய வேட்டி ஒன்றில் சுற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். 24 அங்குலம். 2013-ல் ஓய்வு பெற்ற கையோடு வாங்கியது. நம் மாவட்டத்து நடுகற்களைப் படமெடுத்து வந்து, அதில் பெரிதாக்கி, தேய்ந்துபோன எழுத்தை ஒவ்வொன்றாகப் படிப்பதுதான் இத்தனை வருஷமாக என் பொழுதுபோக்கு. இப்போது மாதத்தில் பாதி நாள் ஓசூர், பாதி நாள் பேரனைப் பார்த்துக்கொள்ள பெங்களூரில் மகள் வீடு என்று ஆகிவிட்டது. மானிட்டரைத் தூக்கிக்கொண்டு அத்திப்பள்ளி தாண்ட முடியுமா? இனி லேப்டாப் மட்டும்தான்.

"இதுக்குப் போய் முகத்தை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?" என்றாள் வீட்டுக்காரி. மானிட்டருக்காக இல்லை. அந்த மேசை காலியானதும் எனக்குப் பழைய சாவி ஒன்று ஞாபகம் வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் உங்களுக்கு வரலாறு நடத்தியவன், இதையும் ஒரு வரலாறாகவே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2000-களின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் கம்ப்யூட்டர் ரூம் வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 10 மெஷின்கள். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஜன்னலுக்குப் பச்சைத் திரை. ஒவ்வொரு மானிட்டருக்கும் தையல் டீச்சர் தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறை. நான் வரலாற்று ஆசிரியன், கம்ப்யூட்டருக்கும் எனக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் பள்ளியில் மூத்தவன், சாயங்காலம் கடைசியாகக் கிளம்புகிறவன் என்று அந்த அறைச் சாவியை என்னிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

அந்த மானிட்டர்களின் முதுகு எவ்வளவு நீளம் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. உள்ளே இருந்தது கண்ணாடிப் பிக்சர் டியூப். 1897-ல் ஜெர்மனியின் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் செய்த குழாயின் வழிவந்தது. பின்பக்கம் ஒரு துப்பாக்கி மாதிரி எலெக்ட்ரான்களை வீச, அவை முன்பக்கக் கண்ணாடியில் பூசியிருக்கும் பாஸ்பரில் பட்டு ஒளிரும். கதிரை மூலைக்கு மூலை வளைத்துப் பாய்ச்ச இடம் வேண்டும். அதனால் திரை அகலமாக ஆக, பெட்டியும் பின்னால் நீண்டுகொண்டே போகும். உள்ளே வெற்றிடம் என்பதால் வெளிக் காற்றழுத்தத்தைத் தாங்கத் தடித்த கண்ணாடி வேண்டும். 15 அங்குல மானிட்டரே பத்துப் பன்னிரண்டு கிலோ. அதோடு சிபியு, யுபிஎஸ், தரையெல்லாம் வயர். ஆக, அதற்கென்று மேசை வேண்டும், மேசைக்கு அறை வேண்டும், அறைக்குப் பூட்டு வேண்டும். பூட்டு வந்தால் சாவியை வைத்துக்கொள்ள ஒரு ஆள் வந்துவிடுவான். நம் பள்ளியில் அந்த ஆள் நான்.

ஒரு மெஷினுக்கு மூன்று பேர், சில நாள் நான்கு பேர். கீபோர்டில் கை வைப்பவன் எப்போதும் துடுக்கான பையனாகவே இருப்பான். பெண் பிள்ளைகள் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண் ஒருநாள் சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "சார், தினம் ஒரு அரை மணி நேரம் இருந்து பண்ணிட்டுப் போறேன் சார். க்ளாஸ்ல எனக்குக் கை வெக்கவே கிடைக்கல" என்றாள். "பஸ் போயிடும்மா. மெஷினுக்கு ஏதாவது ஆனா நான்தான் பதில் சொல்லணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சரிங்க சார் என்று போனாள். திரும்பக் கேட்கவே இல்லை. அன்று அந்த அறையைப் பூட்டிவிட்டு நான் செய்த வேலை என்ன தெரியுமா? டீ குடித்தேன்.

பள்ளியைவிட நம் ஊர்த் தொழிற்சாலைகள் திரைக்கு முன்பே பழகிவிட்டன. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும் ஓசூரில் உற்பத்தியைத் தொடங்கின. டாடாவும் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் ஆரம்பித்த டைட்டன் கடிகாரக் கம்பெனியின் தொழிற்சாலையும் இங்கேதான் வந்தது. இவற்றைச் சுற்றி சிப்காட்டிலும் சிட்கோவிலும் நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகள், டூல் ரூம்கள் முளைத்தன. ஆரம்பத்தில் அங்கெல்லாம் சாய்வுப் பலகையும் டிராஃப்டரும் ஷார்ப்பான பென்சிலும்தான். ஆட்டோகேட் மென்பொருள் அமெரிக்காவில் 1982 டிசம்பரில் வெளியானது. அது நம் பட்டறைகளுக்குள் மெல்ல மெல்ல நுழைந்தபோது, சாய்வுப் பலகை நின்ற இடத்தில் பெரிய மானிட்டர் வந்து உட்கார்ந்தது. இன்று சொந்தமாக டூல் ரூம் நடத்தும் என் மாணவன் ஒருவன் சொல்வான்: "சார், டிராயிங் போர்டு முன்னாடி உக்காந்த மாதிரியேதான் மானிட்டர் முன்னாடி உக்காந்தோம். முதுகு நிமிர்ந்து இருக்கும். முழு டிராயிங்கையும் ஒரே பார்வையில பாக்கலாம்." இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவோம்.

லேப்டாப்பின் கதைக்கு வருகிறேன். நாம் அதை ஆபீஸர்களின் கைப்பெட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் தூக்கிக்கொண்டு போகும் கணினியைப் பற்றி ஆரம்பத்திலேயே விரிவாக யோசித்து எழுதியவர்களில் ஒருவர் அதைக் குழந்தைகளுக்காகத்தான் யோசித்தார். அமெரிக்காவில் ஆலன் கே என்ற ஆராய்ச்சியாளர், 1972-ல் ஒரு கட்டுரையில் 'டைனாபுக்' என்ற கருவியை விவரித்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தின் அளவு. தட்டையான திரை. சிறுவர்கள் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போய், மரத்தடியில் புல்தரையில் உட்கார்ந்து படிக்கலாம், வரையலாம், விளையாடலாம். அன்றைக்கு இருந்த தொழில்நுட்பத்தில் அதைச் செய்ய முடியவில்லை, எண்ணமாகவே நின்றது.

செய்யத் தொடங்கியபோது வந்தது வியாபாரிகளுக்கானது. 1981-ல் ஆஸ்பார்ன் 1. சுமார் 11 கிலோ, தையல் மெஷின் பெட்டி மாதிரி இருக்கும். அவ்வளவு பெரிய பெட்டியில் திரை மட்டும் 5 அங்குலம், காரணம் அதே பிக்சர் டியூப்தான். அடுத்த வருஷம் கிரிட் காம்பஸ் வந்தது. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் பில் மொக்ரிட்ஜ் திரையைக் கீல் வைத்து விசைப்பலகை மேல் மூடும்படி செய்தார். இன்று நாம் சிப்பி மாதிரித் திறந்து மூடுகிறோமே, அந்த வடிவம் அதுதான். விலை 8,000 டாலருக்கு மேல். 1985-ல் தோஷிபா டி1100 வந்தபோது எடை நான்கு கிலோவுக்கு இறங்கியது. டியூபை விட்டுத் தட்டையான திரைக்கு மாறியதால்தான் இதெல்லாம் சாத்தியமானது. 2008-ன் மூன்றாவது காலாண்டில் உலக அளவில் முதல் முறையாக டெஸ்க்டாப்பைவிட லேப்டாப்புகள் அதிகமாக விற்பனைக்குப் போயின. மேசையின் ராஜ்ஜியம் முடிந்த தேதி என்று ஒன்றைப் பரீட்சையில் கேட்டால் அதைத்தான் எழுதச் சொல்வேன்.

குழந்தைகளுக்கு என்ற பழைய எண்ணம் 2005-ல் மறுபடி உயிர் பெற்றது. நிக்கோலஸ் நெக்ரோபோண்டே, ஏழை நாட்டுப் பிள்ளைகளுக்கு 100 டாலர் லேப்டாப் என்று உலகமெங்கும் பேசினார். 2006-ல் நம் மத்திய மனிதவள அமைச்சகம் வேண்டாம் என்றுவிட்டது. வகுப்பறையும் ஆசிரியரும் இல்லாத இடத்தில் லேப்டாப் எதற்கு என்பது அவர்கள் வாதம். நானும் அன்று அதைத்தான் சொன்னேன். இன்று கேட்டால் அத்தனை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஐந்தே வருஷத்தில் தமிழ்நாடு வேறு வழியில் போனது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும். வாங்கிக் கொடுத்தது எல்காட். பொம்மை மாதிரிச் சின்ன மெஷின் இல்லை, கடையில் விற்கும் அளவிலான முழு லேப்டாப். அதில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. மேல்மூடியில் முதல்வர் படம் இருந்ததைப் பற்றி அன்றைக்கு நிறையப் பேச்சு. மாநிலம் முழுக்க 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்து, 2020-ஐ ஒட்டி அந்தத் திட்டம் நின்றது.

இதில் நாம் மறந்துவிட்ட ஒன்று உண்டு. அது மின்வெட்டுக் காலம். 2012-ல் சென்னையைத் தாண்டி எத்தனை ஊரில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தோம்! நம் சிப்காட்டில் ஜெனரேட்டர் சத்தம் இரவு பகலாகக் கேட்டது. பள்ளியில் கம்ப்யூட்டர் பீரியட் வரும்போது கரண்ட் இருக்காது, கரண்ட் வரும்போது பீரியட் இருக்காது. யுபிஎஸ் பேட்டரிகள் எப்போதோ செத்துவிட்டன. அந்த நேரத்தில், தன் வயிற்றிலேயே பேட்டரி வைத்திருந்த மெஷின் ஒன்று பிள்ளைகள் கைக்கு வந்தது. காலையில் கரண்ட் இருக்கும்போது சார்ஜ் போட்டால் கரண்ட் போன பிறகும் ஓடும். டெஸ்க்டாப்பை வீழ்த்தியது மெலிந்த திரை என்று புத்தகங்கள் சொல்லும். நம் ஊரில் மின்வெட்டுக்கும் அதில் பாதிப் பங்கு உண்டு என்பது என் கட்சி.

எங்கள் பள்ளியில் கொடுத்த அன்று நான் மேடையோரம் நின்றிருந்தேன். பெட்டியை வாங்கிய பெண் பிள்ளைகள் அதை இடுப்பில் குழந்தையை வைத்துக்கொள்வது போல வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்தக் கணினிகளை எந்த வாத்தியாரும் பூட்ட முடியாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கூடவே கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

எல்லாம் படிப்புக்குத்தான் பயன்பட்டது என்று கதை விட மாட்டேன். அண்ணன்கள் சினிமா பார்த்தார்கள். கல்யாண வீடியோ ஓடியது. சிலர் விற்றார்கள். ஆனால் வீட்டில் நுழைந்த முதல் கணினி ஒரு பெண் பிள்ளையின் பேரில் வந்தது என்பது எத்தனை வீடுகளில் நடந்தது! அவள் அண்ணன் அதைத் தொட அவளிடம் பாஸ்வேர்டு கேட்க வேண்டியிருந்தது.

அடுத்த அத்தியாயம் எல்லைக்கு அந்தப் பக்கம். 1970-களின் இறுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் கோனப்பன அக்ரஹாரம், தொட்டத்தோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. 1990-களில் பெரிய மென்பொருள் கம்பெனிகள் வந்த பிறகு அதன் ரூபமே மாறியது. ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். பெங்களூரு வாடகையைவிட இங்கே குறைவு. நம் பிள்ளைகள் காலையில் ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி டோல்கேட்டில் நின்று, சந்தாபுரா நெரிசலில் வெந்து, அங்கே ஒரு மேசையில் உட்கார்ந்து, ராத்திரி அதே வழியில் திரும்பினார்கள். என் மருமகளும் அதில் ஒருத்தி. அவர்கள் மேசையில் இரண்டு பெரிய திரைகள். ஒன்றில் வேலை, ஒன்றில் மெயில். அந்தத் திரைகள் ஆபீஸுக்குச் சொந்தம், அங்கேயே இருக்கும். அத்திப்பள்ளி தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டு மாநிலத்துக்கு நடுவிலுள்ள கோடு அவளுக்கு வேலைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள கோடாகவும் இருந்தது.

அரசாங்கச் சட்டமும் மேசைப் பக்கமே நின்றது. கால் சென்டர், பிபிஓ போன்ற சேவைகளில் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட வேண்டுமானால் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி, ஒரு கோடி ரூபாய் உத்தரவாதம், தனிப்பட்ட இணைப்பு என்று ஏகப்பட்ட நிபந்தனை. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் வரிச்சலுகையில் வந்த கணினியை வாசலுக்கு வெளியே எடுத்துப் போகவும் விதிமுறை உண்டு. பெரிய அளவில் நான் வைத்திருந்த சாவிதான் அது.

2020 மார்ச் 13 அன்று அந்த நிபந்தனைகளைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. அதற்கு முந்தின சில நாட்கள் ஓசூர் சாலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கார் பின்சீட்டில், ஆம்னி வேனில், ஏன், ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில்கூட மானிட்டர்கள் எல்லை தாண்டி வந்தன. லேப்டாப் இல்லாதவர்களுக்கு டெஸ்க்டாப்பையே கொடுத்து அனுப்பினார்கள். மருமகள் லேப்டாப்போடு ஒரு 22 அங்குலத் திரையையும் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். எங்கள் சாப்பாட்டு மேசை ஆபீஸ் ஆனது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், அது நல்லதுதான், பழைய பழக்கம் திரும்பியது.

அதன் பிறகு மனிதர்கள் எல்லை தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். வேலைக்கு இ-பாஸ் கேட்க யாருமில்லை. அது ஜூஜூவாடியை எந்தச் சோதனையும் இல்லாமல் கடந்து எங்கள் வீட்டுக்குள் வந்தது. 2020 நவம்பர் 5 அன்று தொலைத்தொடர்புத் துறை அந்தப் பழைய நிபந்தனைகளில் பெரும்பாலானவற்றை நிரந்தரமாகவே எடுத்துவிட்டது. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல விதிகளில் 43ஏ என்று ஒன்றைச் சேர்த்து, அங்கும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு ஆபீஸ் திரும்பக் கூப்பிட்டது. வாரத்தில் சில நாள் அங்கே, சில நாள் இங்கே. அந்தத் திரையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அங்கே போனாலும் இவளுக்கென்று தனி மேசை இல்லை, காலியான இடத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். ஆக இரண்டு பக்கமும் லேப்டாப் மட்டும். முன்பு அவளுக்கு ஆபீஸில் ஒரு இடம் இருந்தது, அதில் ஒரு செடித்தொட்டியும் மகன் படமும் இருந்தன. இப்போது அவை ஒரு அட்டைப் பெட்டியில் எங்கள் வீட்டு அலமாரி மேல் இருக்கின்றன.

ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். சமையலறையில் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்து நின்றுகொண்டே தட்டிக்கொண்டிருந்தாள். "இன்னும் தூங்கலியாம்மா?" என்றேன். "அஞ்சு நிமிஷம் மாமா, மூடிட்டுப் போயிடறேன்" என்றாள். அது மூடுவதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறதோ, திறப்பதற்கும் அவ்வளவு சுலபமாக இருக்கிறது. அன்று எனக்கு என் சாவி மறுபடி ஞாபகம் வந்தது. ஒரு பெண்ணுக்கு நான் திறக்காத அறை ஒன்று இருந்தது. இன்னொரு பெண்ணுக்கு யாராவது சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பூட்டினால் தேவலை என்று நின்றேன்.

உடம்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு வசதியாகத் தூக்கி வைத்தால் தோள் தூக்கும். இரண்டுக்கும் சரியான உயரம் என்று ஒன்று கிடையாது. ஆகவே நான் என் பழைய வரலாற்றுப் புத்தகங்கள் நான்கை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்து, தனியாக ஒரு கீபோர்டு வாங்கி முன்னால் போட்டுக்கொண்டேன். வெறும் லேப்டாப் என்று முடிவெடுத்தவர்கள் இதையாவது செய்யுங்கள். மருமகளுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நடுகல் எழுத்துதான் சிரமம். முன்பு கல் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொண்டே எழுத்தைப் படிப்பேன். இப்போது எழுத்தைப் பெரிதாக்கினால் வீரன் திரைக்கு வெளியே போய்விடுகிறான். வீரனைப் பார்த்தால் எழுத்து எறும்பாகிவிடுகிறது. டூல் ரூம் மாணவன் சொன்னதும் இதுவேதான். லேப்டாப்பில் டிராயிங்கைத் திருத்தலாம், முழு டிராயிங்கைப் பார்க்க முடியாது என்பான்.

அந்த மானிட்டரை அவனுக்கே கொடுத்துவிட்டேன். நேற்று வந்து வண்டியில் கட்டி எடுத்துப் போனான். புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பெண் ஒருத்திக்கு மேசை போட்டிருக்கிறானாம், அவளுக்கு வைக்கப் போகிறானாம். "அஞ்சரைக்கு மேல அவளை உக்கார வைக்காதேடா" என்றேன். "சார், நம்ம யூனிட்ல அஞ்சு மணிக்கே ஷட்டர் போட்டுடுவோம்" என்று சிரித்தான்.

அந்தப் பூப்போட்ட உறைகளோடு நம் கம்ப்யூட்டர் ரூம் இருந்த புகைப்படம் யாரிடமாவது இருந்தால் எனக்கு அனுப்புங்கள். தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் வந்த அந்தப் பெண்ணோடு படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தனியாக எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பெயரை இங்கே போட வேண்டாம்.